சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின்கள்

1

தர்ஷினிக்கும் பிரசாந்துக்கும்,

நாம் ஃபோனில் பேசுகிற நேரத்தில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதிப் பாதியில் மழை, சாப்பாடு, அம்மாவின் முழங்கால் வலி. சொல்ல நினைத்த எதையும் சொல்லி முடிவதில்லை. ஆகவே எழுதுகிறேன். தர்ஷினி, இதைத் தம்பிக்கும் வாசித்துக் காட்டு. உன்னைப் பற்றி வருகிற இடத்தில் வெட்கப்பட்டுத் தாண்டிவிடாதே. நம் தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகள் யாராவது கேட்டால் அவர்களுக்கும் கொடு.

நேற்று வேலை முடிகிற நேரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் நாசர் இக்கா ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இக்கா என்றால் கேரளத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல்.

"முருகையா, லினக்ஸ் புதுசு இறங்கியாச்சு. நாளையிலேர்ந்து இதையே போடு."

"இதுல அது இருக்குமா இக்கா?"

"எது?"

"எம் மக எழுதுனது."

அவர் சிரித்தார். "போட்டுப் பாரு. எங்கிட்ட கேட்டா? நானா உள்ளே வச்சேன்?"

அந்தப் பென் டிரைவை வைத்து இன்று காலை நான் ஒரு காரியம் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் பிரசாந்துக்கு விளங்கும்.

2

பிரசாந்த், ஸ்கூலில் யாரோ கேட்டதற்கு "எங்கப்பா சார்ஜாவுல கம்ப்யூட்டர் இன்ஜினியர்" என்று சொன்னாயாம். அம்மா சொல்லிச் சிரித்தாள். அப்படி இல்லை தம்பி. நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்துவிட்டு, ஹட்டனில் ரேடியோவும் ஃபோனும் திருத்துகிற கடையில் வேலை பழகி, இங்கே வந்தவன். நீ பிறந்ததை ஃபோனில் பார்த்தவன்.

எங்கள் கடை ஒரு பெரிய தகரக் கொட்டகை. வெளிநாட்டுக் கம்பனிகளின் கந்தோர்களில் வேண்டாம் என்று கழித்த லாப்டாப்கள் இங்கே பலகைத் தட்டுகளில் அடுக்கி வரும். நாங்கள் துடைத்து, உள்ளே இருப்பதை அழித்து, திரும்ப ஓட வைத்து, ஆப்பிரிக்காவுக்கும் மற்ற இடங்களுக்கும் வாங்கிப் போகிறவர்களுக்கு விற்போம். காலையில் எல்லோரும் கதவருகே நிற்போம். நாசர் இக்கா ஆளுக்கு ஒரு மேசையாகப் பிரித்துவிடுவார். தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கொழுந்து பறிக்க மலை பிரித்துவிடுவாரே, அதே மாதிரி. இங்கே தலையில் சாக்கு போட வேண்டியதில்லை, அட்டையும் கடிக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓடுகிற மெஷினுக்குப் பச்சை ஸ்டிக்கர். ஓடாததற்குச் சிவப்பு. சிவப்பு ஒட்டினால் அதன் கதை முடிந்தது. திரையை ஒருவன் கழற்றுவான், பேட்டரியை ஒருவன் கழற்றுவான், மீதி கிலோக் கணக்கில் போகும்.

நான் இங்கே பார்த்துப் பழகியது இதுதான்: சிவப்பு வாங்குகிற மெஷின்களில் பலவற்றுக்கு ஒரு நோயும் இல்லை. புதிய விண்டோஸ் அவற்றை ஏற்காது, பழையதற்கு இனிக் கவனிப்புக் கிடையாது. அப்படிப்பட்டவற்றுக்கு நாங்கள் லினக்ஸ் போடுகிறோம். உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, எழுதியதை ஒளிக்காமல் திறந்தே வைத்திருக்கிற சாஃப்ட்வேர் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அதற்குள் கை வைக்கலாம்.

ஆனால் அதற்கும் ஒரு இடத்தில் முட்டுக்கட்டை உண்டு. ஒரு லாப்டாப்புக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் வேறு வேறு கம்பனி செய்கிறது. வைஃபைக்கு ஒரு சிப், கேமராவுக்கு ஒரு சிப். ஒவ்வொரு சிப்போடும் எப்படிப் பேசுவது என்று தெரிந்த ஒரு சின்ன எழுத்து வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். சிப் செய்கிற கம்பனி அதைத் தானே எழுதிக் கொடுக்கலாம், எப்படிப் பேசுவது என்று சொல்லியாவது கொடுக்கலாம். சில கம்பனிகள் நன்றாகச் செய்கின்றன. சில கம்பனிகள் வாயே திறப்பதில்லை. அப்போது முழு மெஷினும் நல்லபடியாக இருந்தும், ஒரு நகம் அளவு சிப்புக்காகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கும்.

3

தர்ஷினி ஏ.எல். உயர்தரப் படிப்புக்குத் தொழில்நுட்பப் பிரிவு எடுத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியாது. நான் நாலு நிமிஷம் வாய்ஸ் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அந்த மாதங்களில் என்ன அனுப்பினாலும் அந்தக் கட்டைவிரல்தான். என் மகள் ஒரு கட்டைவிரலாகவே மாறிவிட்டாள் என்று நாசர் இக்காவிடம் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்: "என்னங்க, வீட்ல கம்ப்யூட்டர் இல்லாத புள்ளைங்க ஸ்கூல்ல இந்தத் தவணை முடியிறதுக்குள்ள கலைப் பிரிவுக்கு மாறிக்கிறது நல்லதுன்னு சார் சொல்லிட்டாராம். பாடமெல்லாம் நெட்லதான் வருதாம். இவ மாறிக்கிறேன்னு சொல்றா. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வேற சொல்றா."

அடுத்த வாரமே கடையில் ஒரு லாப்டாப்பை விலைக்கு எடுத்து லினக்ஸ் போட்டு, லீவில் ஊருக்குப் போன வட்டவளை சிவா அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அம்மா வாங்கிக்கொண்டாள். மெலிசான, நல்ல கீபோர்ட் உள்ள மெஷின். எங்கள் கடையில் அப்போது எல்லாவற்றையும் நெட் வயரில் போட்டுத்தான் சோதிப்போம். வயரில் அது குதிரை மாதிரி ஓடியது.

அன்று சாயந்தரம் கட்டைவிரல் வரவில்லை. ஃபோனே வந்தது.

"அப்பா, வைஃபை காட்டவே மாட்டேங்குது."

"மேல மூலையில இருக்கும் பாரு பாப்பா."

"மூலையிலயும் இல்ல, முகட்டுலயும் இல்ல. வைஃபைன்னு ஒண்ணு இருக்கிறதாவே இதுக்குத் தெரியல."

பின்னாலிருந்து பிரசாந்தின் குரல்: "அப்பா ஓட்ட லாப்டாப்ப நம்ம தலையில கட்டிட்டாரு!"

"நீ வாய மூடுடா."

அவள் குரலில் கோபத்தைவிட வேறு ஒன்று இருந்தது. இதுவும் நமக்கு இல்லை என்கிற மாதிரி ஒரு குரல். எனக்கு அது பழக்கமான குரல்.

அந்த வைஃபைச் சிப்புக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை. போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்த சிப், மாற்றவும் முடியாது. அம்மாவின் ஃபோனை வயரில் இணைத்து நெட் எடுக்கலாம் என்றால், அந்த ஃபோனில் வயர் சொருகுகிற இடம் ஆடிப்போய், விரலால் அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். வேறு மெஷின் அனுப்பலாம் என்றால், அடுத்து ஊருக்குப் போகிற ஆள் தவணை முடிந்த பிறகுதான் போகிறார்.

4

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்றால், அனுமதி கேட்கப் போனேன்.

துபாயில் அந்த லாப்டாப் கம்பனியின் சர்வீஸ் சென்டருக்கு, விடுமுறை நாளில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தேன். முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணிடம், டிரைவருக்கு உங்கள் கம்பனியின் அனுமதி வேண்டும் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் மிகவும் அன்பாக, "டிரைவர் வேலைக்கு இங்கே ஆள் எடுப்பதில்லை. லைசன்ஸ் இருந்தால் கீழே செக்யூரிட்டியிடம் கேட்டுப் பாருங்கள்" என்றாள். எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு படம் வரைந்து விளக்கினேன். சிப் எங்களுடையது இல்லை, சிப் கம்பனிக்கு எழுதுங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

எழுதினேன். நான் எழுதியதை அனுப்பும் முன் நாசர் இக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தார்.

"எடோ, இது என்ன? 'பணிவன்போடு வேண்டிக்கொள்வது'. துரைக்கு மனுவா எழுதறே?"

"மரியாதையா கேட்டா என்ன இக்கா?"

"கேளு, கேளு. அவங்க அழுதுடுவாங்க."

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இந்தச் சிப்புக்கு அந்த இயங்குதளத்தில் நாங்கள் உதவி வழங்குவதில்லை என்று ஒரே வரி. நான் தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"முடியாதுன்னு சொல்லிட்டாங்க பாப்பா. விட்டுரு. வேற வழி பாப்போம்."

"யாரு சொன்னது?"

"கம்பனிதான்."

"என்ன சொன்னாங்கன்னு அப்படியே அனுப்புங்கப்பா."

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அப்பா, இவங்க தாங்க செய்ய மாட்டோம்னுதான் சொல்லிருக்காங்க. நாம செய்யக்கூடாதுன்னு எங்க சொல்லிருக்காங்க?"

அந்த ஒரு வரியை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

5

பிள்ளைகளே, நான் ஏன் அப்படிப் புரிந்துகொண்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் சின்னவனாக இருந்தபோது லயத்தில் நம் அறையின், நம் காம்பராவின், பின்பக்கச் சுவரில் ஜன்னல் இல்லை. அடுப்புப் புகை உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். உங்கள் தாத்தா, தொழிற்சங்கத் தலைவர் மூலமாகத் தோட்டத்து ஆபீசில் ஜன்னல் கேட்டார். லயத்துக்கு ஜன்னல் வைத்துக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. அதோடு தாத்தா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். காம்பரா கம்பனியுடையது. கம்பனி இல்லை என்றால் இல்லைதான்.

கடைசிக் காம்பராவில் பெருமாள் மாமா இருந்தார். அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அலவாங்கை எடுத்துச் சுவரில் ஓட்டை போட்டு, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் கதவு செய்து மாட்டிவிட்டார். லயமே நடுங்கியது. அடுத்த நாள் தோட்டத்து அதிகாரி கண்டாக்கையா வந்தார். எல்லோரும் வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அந்த ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்து, "காத்து நல்லா வருதா பெருமாளு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதைப் பார்த்த பிறகும் தாத்தா ஜன்னல் வைக்கவில்லை. "நமக்குத்தான் இல்லைன்னு சொல்லிட்டாங்களே" என்றார். நான் தாத்தாவைக் குறை சொல்லவில்லை. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்த காலம். அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் எனக்கு இங்கே என்ன காரணம்? அந்த லாப்டாப்பை நான் விலை கொடுத்து வாங்கினேன். அது கம்பனியுடைய காம்பரா இல்லை.

6

தர்ஷினி செய்ததை அவள் சொல்லித்தான் நானே அறிந்தேன். முழுதும் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சிப்புக்கு ஒரு அண்ணன் சிப் இருந்தது. கம்பனி வாய் திறக்காத காலத்தில் யாரோ சிலர் அந்த அண்ணனைத் தடவித் தடவிப் பார்த்தே டிரைவர் எழுதி லினக்ஸுக்குள் வைத்திருந்தார்கள். நம் வீட்டுச் சிப்பும் உள்ளே அதேதான். அதற்குக் கம்பனி போட்ட நம்பர் மட்டும் வேறு. டிரைவர் வாசலில் நின்று நம்பரைப் பார்த்து, உன்னை எனக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இணையத்தில் உதவியவர் போலந்துக்காரர் ஒருவர். அவள் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை. மெஷின் என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டாராம்.

தேவையானதையெல்லாம் இறக்குவதற்கு அம்மாவின் ஃபோன் வயரை யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலை பிரசாந்துக்கு.

"அக்கா, வெரல் மரத்துப் போச்சு."

"அசையாதடா. தொண்ணூறு பெர்சன்ட் ஆச்சு."

"நீ அப்பலேர்ந்து தொண்ணூறுதான் சொல்ற!"

"விட்டன்னா மறுபடி சைபர்லேர்ந்து வரும். பரவால்லயா?"

அவன் விடவில்லை. அதை நான் இங்கே எழுதி வைக்கிறேன் தம்பி, ஒரு காலத்திலும் யாரும் மறுக்க முடியாதபடி.

அந்த டிரைவருக்குள் நம் சிப்பின் நம்பரை ஒரு வரியாகச் சேர்த்தாள். திரும்ப ஓட விட்டாள். மேல் மூலையில் அம்மாவின் ஃபோன் பெயர் வந்தது. அம்மா சொல்கிறாள், இவள் போட்ட சத்தத்தில் அடுத்த காம்பராவில் பாம்பு என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார்களாம்.

சாரிடம் போய், "எங்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு சார், நான் மாறல" என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அதுவே போதும். ஆனால் அந்தப் போலந்துக்காரருக்குப் போதவில்லை. அந்த வரியை லினக்ஸை வைத்திருக்கிறவர்களுக்கு நீயே அனுப்பு, அப்போதுதான் எல்லோருக்கும் போகும் என்றார். அனுப்பும்போது இதை நான்தான் தருகிறேன் என்று சொந்தப் பெயரைப் போட வேண்டும்.

அங்கே ஒரு சிக்கல். அவள் பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார், ஸ்கூலில் ஒரு மாதிரி இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் இருக்கிற முருகையாவை முருகையாவே வாசிக்க முடியாது.

"அப்பா, எந்தப் பேர போடுறது?"

"ஒன்ன எல்லாரும் எப்படிக் கூப்பிடுறாங்க? அதைப் போடு."

"ஒங்க பேரு? எனிசியல் மட்டுமா?"

"முழுசா போடு பாப்பா."

அனுப்பியதும் திரும்பி வந்தது. இடைவெளி சரியில்லை, விளக்கம் போதாது, திருத்தி அனுப்பு என்று. ஊரே பார்க்கிற இடத்தில் திட்டிவிட்டார்கள் என்று அழுதாள். அந்த ஒரு இடத்தில்தான் நான் உருப்படியாக ஒன்று சொன்னேன் என்று நினைக்கிறேன். "கொழுந்து நிறுக்கிற எடத்துல முத்தல் எலையப் பொறுக்கிப் போட்டுட்டு மீதிய எடுத்துக்கிறாங்கல்ல, கூடையையே திருப்பி அனுப்புறாங்களா? அது மாதிரிதான். முத்தலைப் பொறுக்கிட்டு அனுப்பு."

பொறுக்கிவிட்டு அனுப்பினாள். இந்த முறை வேறு ஒருவரிடமிருந்து பதில் வந்தது. வணக்கம் தர்ஷினி, நன்றி, இந்த நம்பர் சரிதான், இதே சிப்பை இன்னொரு நம்பரிலும் நாங்கள் விற்றிருக்கிறோம், அதையும் சேர்த்துவிடு என்று எழுதியிருந்தார். அவருடைய மெயில் முகவரியைப் பார்த்தால், எனக்கு ஒரு வரியில் இல்லை என்று சொன்ன அதே சிப் கம்பனி.

7

இது எனக்குப் பெரிய ஆச்சரியம். நாசர் இக்காவிடம் காட்டினேன்.

"இவங்கதானே இக்கா இல்லைன்னு எழுதுனவங்க?"

"கம்பனின்னா ஒரே ஆளுன்னு நெனச்சியா? உனக்குப் பதில் எழுதறவன் வேற. உள்ளே உட்கார்ந்து சிப் செய்யறவன் வேற. செஞ்சவனுக்கு, தான் செஞ்சது ஓடணும்னு ஆசை இருக்காதா?"

தர்ஷினி அந்த இன்னொரு நம்பரையும் சேர்த்து அனுப்ப, அடுத்து இறங்குகிற லினக்ஸில் வைப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நான் இக்கா சொன்னதைப் பற்றி நிறைய யோசித்தேன். கம்பனிக்காரர்களை ஒட்டுமொத்தமாகத் திட்டுவதற்கு இப்போது எனக்கு மனம் வருவதில்லை. பெரிய பெரிய சர்வர்களுக்குச் சாமான் செய்கிற கம்பனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து லினக்ஸுக்கு எழுதுகின்றன. அங்கே லினக்ஸில் ஓடாத சாமானை யாரும் வாங்க மாட்டார்கள். மலிவு லாப்டாப்புக்குச் சிப் செய்கிறவன் மட்டும், விற்றால் போதும், பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிடுகிறான். இப்போது கேட்கிறார்கள். எங்கள் கடைக்கு வாங்க வருகிற நைஜீரியாக்காரர் முதலில் லினக்ஸ் போட்டுக் காட்டு என்கிறார். வைஃபை வந்தால்தான் விலையே பேசுவார். நாங்களும் எந்தக் கம்பனிச் சாமான் நல்லபடியாக ஓடுகிறது என்று பார்த்துத்தான் சரக்குத் தட்டுகளை இறக்குகிறோம். வாங்குகிறவன் இப்படி இருந்தால் செய்கிறவன் மாறித்தான் ஆக வேண்டும். மாறுவான். எல்லோரும் நாளைக்கே மாறுவார்கள் என்று சொல்லவில்லை. இன்னும் எத்தனையோ மெஷினுக்கு நான் சிவப்பு ஒட்ட வேண்டியிருக்கும். ஆனால் முன்பு அதை ஒட்டும்போது விதி என்று ஒட்டினேன். இனி அப்படி ஒட்ட மாட்டேன்.

நீங்களும் ஒன்றை மனதில் வையுங்கள். ஒருவர் உங்களிடம், நாங்கள் செய்து தர மாட்டோம் என்று சொன்னால், அது அவரைப் பற்றி அவர் சொன்ன செய்தி. உங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த வேலையைப் பாருங்கள்.

8

இன்று காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய்க் கடையைத் திறந்தேன். உடைப்பதற்கு வைத்திருக்கிற பெட்டிகளில் ஒன்றை இழுத்தேன். தர்ஷினிக்கு அனுப்பிய அதே மாடல் மெஷின்கள், பெட்டி நிறைய. வைஃபை வராது என்று தெரிந்த பிறகு நானே சிவப்பு ஒட்டிப் போட்டவை.

மேலே இருந்த ஒன்றை எடுத்து, நாசர் இக்கா கொடுத்த பென் டிரைவைச் சொருகினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை, எந்த வரியும் எழுதவில்லை. திரை வந்தது. மேல் மூலையில் எங்கள் கடை வைஃபையின் பெயர், பக்கத்து டயர் கடையின் பெயர், எதிரே உள்ள டீக்கடையின் பெயர், ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன.

பிறகு பெட்டியை என் மேசைக்கு இழுத்துவந்து, ஒவ்வொரு மெஷினாக எடுத்துச் சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி உரித்தேன். பசை ஒட்டிய இடத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். பச்சையை ஒட்டி, விற்பனைத் தட்டில் அடுக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை.